காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா? ஜெர்மனி விவசாயிகளின் குறி பார்க்கும் கணக்கு

மக்காச்சோளம் விதைத்த சில நாள்களில் காட்டுப்பன்றிகள் வந்து, வரிசை பிடித்து விதையைத் தோண்டித் தின்றுவிடும். தப்பித்த பயிர் பால் பிடிக்கும்போது மறுபடியும் கூட்டமாக இறங்கும். நம் விவசாயிகளுக்குப் பழகிப்போன இந்தத் தொல்லை, ஜெர்மனி விவசாயிகளுக்கும் உண்டு. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பு. கோடைக் கடைசியில் பால் பருவம். இந்த இரண்டு சமயத்திலும் ராத்திரிக் காவல்தான்.

ஆனால், அங்கே வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. ஒரே இடத்தில் 75 ஹெக்டேர், அதாவது சுமார் 185 ஏக்கர் வைத்திருப்பவர் தன் நிலத்தைத் தனி வேட்டைப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள் வேட்டைச் சங்கத்தில் சேர்ந்துவிடுவார்கள். சங்கம், தேர்வு எழுதி உரிமம் பெற்ற வேட்டைக்காரருக்குக் குத்தகை விடும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பும் பெரும்பாலும் குத்தகைதாரர் தலையில்தான் விழும். 2019-20 வேட்டைப் பருவத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப்பன்றிகள் அங்கே சுடப்பட்டன.

இப்படி உரிமம் வாங்கி, புது ரைஃபிளும் வாங்கியவருக்கு வரும் முதல் கேள்வி, 'எந்தத் தோட்டா போடுவது?' என்பதுதான்.

சட்டம் சொல்லும் அளவு

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே வெடிமருந்து, முனையில் பறந்து போகும் குண்டு. காட்டுப்பன்றியைச் சுடும் குண்டு குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். 100 மீட்டர் தூரத்தில் 2,000 ஜூல் ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது ஜெர்மனியின் வேட்டைச் சட்டம். சின்ன ரோ மானுக்கு 1,000 ஜூல் போதும். அரைகுறைக் காயத்தோடு விலங்கு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகக் கூடாது என்பதற்காகவே இந்த அளவு. .308 வின்செஸ்டர், 8x57, 9.3x62 போன்ற பழகிய ரகங்கள் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

குழலுக்குக் குழல் குணம் மாறும்

பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக விளைந்த ரகம் நம் மண்ணில் சுணங்குவதில்லையா? துப்பாக்கியும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டை எடுத்தாலும், ஒன்றுக்கு ஒத்துப்போகும் தோட்டா மற்றொன்றில் சிதறலாம். குழலுக்குள்ளே போல்ட் மரை மாதிரி சுற்றிப் போகும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழலவிட்டு நேராகப் போக வைக்கின்றன. நீளமான குண்டுக்கு நெருக்கமான மரை வேண்டும். மரை தளர்வாக இருந்தால் குண்டு தள்ளாடும். அதனால், விலை உயர்ந்த தோட்டா என்றோ, நண்பர் சொன்னார் என்றோ மொத்தமாக வாங்கிவிடக் கூடாது.

சோதிக்கும் முறை

• மூன்று, நான்கு வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்க வேண்டும்.

• அனுமதி பெற்ற சுடுதளத்தில், மணல் மூட்டைமேல் துப்பாக்கியை அசையாமல் வைத்து, 100 மீட்டர் தூரத்து அட்டையில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து குண்டு சுட வேண்டும். இடையிடையே குழல் ஆற வேண்டும்.

• குண்டுகள் நடுப்புள்ளியில் விழுகின்றனவா என்பது இப்போது முக்கியமில்லை. ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்று குண்டு ஒட்டி விழுவது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம்.

• நெருக்கமாக விழுந்த இரண்டு வகைகளை வேறொரு நாள் மறுபடி சுட வேண்டும். குளிர்ந்த குழலில் போகும் முதல் குண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வயலில் பன்றிமேல் பாயப்போவது அந்த முதல் குண்டுதான்.

• ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே தொலைநோக்கியின் திருகைத் திருப்ப வேண்டும். 100 மீட்டரில் குறிக்கு 4 சென்டிமீட்டர் மேலே விழும்படி வைப்பது அங்கே வழக்கம்.

• பெட்டியில் உள்ள தயாரிப்பு எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் கூடுதலாக வாங்கிவைக்க வேண்டும். எண் மாறினால் மறுபடி ஒருமுறை சோதனை.

பன்றியின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாணுக்கும் குறைவுதான். ஐந்து குண்டும் 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் விழுந்தால், இருட்டிலும் பதற்றத்திலும் கை கொஞ்சம் ஆடினாலும் உயிரிடம் தவறாது.

ஈயமா, செம்பா?

ஈயக் குண்டு உடலில் பட்டதும் நுண்துகள்களாகச் சிதறி இறைச்சியில் கலக்கும். குழந்தைகளும், கர்ப்பிணிகளும், கருத்தரிக்க விரும்பும் பெண்களும் ஈயக் குண்டால் சுட்ட இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. அதனால் செம்புக் குண்டுக்கு மாறுபவர்கள் பெருகிவருகிறார்கள். ஆனால் செம்பு, ஈயத்தைவிட எடை குறைந்தது. ஒரே எடையில் செய்தால் குண்டு நீளமாகிவிடும். தளர்வான மரை உள்ள குழலில் அது சரியாகப் போகாது. அப்போது எடை குறைந்த செம்புக் குண்டைத் தேர்ந்தெடுத்து, முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

கடைத் தோட்டா எதுவும் ஒத்துவராவிட்டால், தானே மருந்து நிரப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதற்கு வெடிபொருள் சட்டப்படி பயிற்சி, தேர்வு, தனி அனுமதி எல்லாம் தேவை. மருந்துக் கம்பெனி அச்சிட்ட அட்டவணையின் குறைந்த அளவில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள். அளவு மீறினால் துப்பாக்கியே வெடித்து முகத்தைப் பதம் பார்த்துவிடும்.

குண்டு போய் நிற்கும் இடம்

எவ்வளவு துல்லியமான தோட்டாவாக இருந்தாலும், தவறிய குண்டு 4, 5 கிலோமீட்டர்கூடப் போகும். அதனால்தான் ஜெர்மனி வயல்களின் ஓரத்தில் மரப் பரண்களைப் பார்க்கலாம். மேலிருந்து கீழே சுடும்போது குண்டு மண்ணில் புதைந்துவிடும். பின்னால் மண் இல்லாவிட்டால், பன்றி கண்ணெதிரே நின்றாலும் சுடக் கூடாது. சுட்ட பன்றியின் இறைச்சியை ஒட்டுண்ணிப் பரிசோதனை முடியாமல் சாப்பிடவும் கூடாது.

நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம். பயிர்ச் சேதம் ஏற்பட்டால் வனத்துறையிடம் உடனே புகார் கொடுத்து, சேதத்தைப் பதிவு செய்துகொள்வதே இங்கே விவசாயிகளுக்கு உள்ள வழி.