தூண்டிலும் இரையும்

தூண்டிற்கோலும் நரம்பும் முள்ளும் எவர்க்கும் எளிதில் கிடைப்பன. ஆயினும், ஒரே குளக்கரையில் அருகருகே அமர்ந்த இருவருள் ஒருவர் கூடை நிறைய மீனோடும், மற்றவர் வெறுங்கையோடும் வீடு திரும்புதல் உண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் முள்ளில் கோத்த இரையே. மீனுக்கு எது பிடிக்கும் என்று வினவுதல் போதாது. இந்த மாதத்தில், இந்த நீரில், எந்த மீன் எதைத் தேடும் என்று வினவுதல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் குளங்கள் பல ஐப்பசி, கார்த்திகை மழையால் நிரம்புகின்றன. வாய்க்கால் வழியே வந்து சேரும் கலங்கல் நீரில் மீன் கண்ணால் இரை தேடுதல் அரிது. அக்காலத்துக்கு ஏற்றது மண்புழு. அதன் மணம் கலங்கலிலும் பரவும். கெளுத்தி தன் மீசைகளால் துழாவி அதனை எளிதில் கண்டுகொள்ளும். அகப்பட்ட கெளுத்தியை முள்ளிலிருந்து விடுவிக்கும்போது கை கவனம்! அதன் முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் கூரிய முட்கள் உள்ளன.

மார்கழி, தை மாதங்களில் நீர் குளிரும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. ஆதலின் அப்போது செரிமானம் மந்தமாகும். சிறுவாய்க் கெண்டைக்குச் சோற்றுப்பருக்கை அளவான மாவுருண்டையே போதும். வெயில் ஏறிய பின் தூண்டில் இடுவது நலம்.

கோடையில், விடியற்காலத்தே மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அது பசியன்று. வெப்பமான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். அதனையும் இரவெல்லாம் நீர்ப்பாசிகளும் பிற உயிர்களும் உட்கொண்டுவிடுகின்றன. மூச்சுக்குத் தவிக்கும் மீன் எவ்விரையையும் நாடாது.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. புழு, மாவு, பாசி எதையும் அது உண்ணும். ஆனால் தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும் நாட்களில் இரை கொள்வதில்லை.

விராலின் இயல்பு வேறு. அசையும் இரையையே அது பெரிதும் விரும்பும். தவளையையோ, இக்காலத்து ரப்பர்த் தவளையையோ அல்லி இலைகளின்மேல் மெல்ல இழுத்தால் பாய்ந்து கவ்வும். மழைக்காலத்தில் அதன் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் மொய்க்கும். பெற்ற மீன் அடியில் காவல் நிற்கும். அங்கே விழும் எப்பொருளையும் அது சீறித் தாக்கும். பசியினால் அன்று, பகையென்று கருதியே தாக்குகின்றது. அவ்விடத்தில் வீசிய தூண்டில் தவறுவது அரிது. எனினும் அதைத் திறமை என்று சொல்ல நா எழவில்லை. காவல் நீங்கிய குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். அவை வளர்ந்து, செந்நிறம் மாறி, கூட்டம் கலைந்த பின், அதே விரால் பசி கொண்டு தவளையைத் தேடி வரும். அதுவரை அம்மூலையை விட்டு மறுகரைக்குச் சென்று மண்புழுவோடு அமரலாம்.