எண்ணெய்க் கசிவும் அலையாத்திக் காடுகளும்: சேற்றில் தங்கும் நஞ்சு

முன்னுரை

ஆறு கடலொடு கலக்கும் கழிமுகங்களில் உவர்நீரைத் தாங்கி வளர்பவை அலையாத்திக் காடுகள். மீன், இறால், நண்டு ஆகியவற்றின் இளம் உயிர்கள் இவற்றின் வேர்களிடையே வளர்கின்றன. அலையின் வேகத்தைத் தணித்து, நீரில் வருவனவற்றைத் தேக்கிவைக்கும் இயல்பே எண்ணெய்க் கசிவின்போது இக்காடுகளுக்குக் கேடாகிறது.

வேர்களின் மூச்சடைப்பு

அலையாத்திச் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. ஆகவே, வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேல் நீளும் மூச்சுவேர்களாலும், சுரபுன்னை தன் முட்டுவேர்களாலும் காற்றைப் பெறுகின்றன. இவ்வேர்களின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் நிலத்தடி வேர்களுக்குக் காற்றுச் செல்வதில்லை. எண்ணெயின் நச்சுச் சேர்மங்கள் வேரின் உயிரணுச் சவ்வைச் சிதைப்பதால், உப்பை விலக்கும் திறனும் குன்றுகிறது. இலைகள் மஞ்சளித்து உதிர, மரம் பட்டுப்போகிறது.

பனாமா தரும் சான்று

1986 ஏப்ரலில் பனாமாவின் கரீபியக் கடற்கரையில், லாஸ் மினாஸ் விரிகுடாவை ஒட்டிய சுத்திகரிப்பு ஆலையின் சேமிப்புத் தொட்டி உடைந்து, 80 இலட்சம் லிட்டருக்குக் குறையாத கச்சா எண்ணெய் வெளியேறியது. அருகிலிருந்த ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் கலேட்டா ஆய்வகத்தில் கசிவுக்கு முந்தைய பதிவுகள் இருந்தமையால், மாற்றங்களை ஒப்பிட்டறிய இயன்றது. முட்டுவேர்களில் ஒட்டிவாழ்ந்த சிப்பிகள் பெருமளவில் அழிந்தன. நண்டுவளைகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய எண்ணெய், காற்றில்லாச் சேற்றில் எளிதில் சிதையவில்லை. பட்ட மரங்கள் சாய்ந்து சேறு அரிக்கப்பட்டபோதெல்லாம் அது மீண்டும் நீரில் கலந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் அதன் நச்சுத்தன்மை நீங்கவில்லை. ஆழ்ந்த சேற்றில் இந்நிலை இருபது ஆண்டுகளேனும் நீடிக்கலாம் என ஆய்வாளர்கள் கணித்தனர்.

எண்ணூர்க் கழிமுகம்

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் மட்டுமன்றி, அலையாத்தி மரங்களிலும் எண்ணெய் படிந்தது. மீனவர்களே வாளிகளால் அதனை அள்ளி அகற்ற நேர்ந்தது. நீர்ப்பரப்பிலிருந்து இவ்வாறு அள்ளுவது இன்றியமையாதது. எனினும், சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயை அது எட்டுவதில்லை.

முடிவுரை

நீர் தெளிந்துவிட்டதை மட்டும் கொண்டு கழிமுகம் மீண்டுவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. சேற்றின் பல ஆழங்களிலும் எண்ணெயின் அளவைப் பல்லாண்டுகள் தொடர்ந்து சோதித்தல் வேண்டும். நஞ்சு தணியாத சேற்றில் நடப்படும் கன்றுகள் பிழைத்தல் அரிதாதலின், மறுநடவும் அச்சோதனையைப் பின்பற்றியே அமைதல் வேண்டும். நண்டும் இறாலும் அச்சேற்றையே சார்ந்திருத்தலால், மீனவர்க்கான இழப்பீட்டுக் காலத்தையும் சேற்றின் நிலைகொண்டு வரையறுப்பதே முறையாகும்.