ஆணையிட்டவனும் ஆணையிடாதவரும்

மலைப்பிரசங்கத்தைப் படிக்கிறவர்கள், சத்துருக்களைச் சிநேகிக்கும்படி சொல்லும் இடத்துக்கு வரும்போது, அதைத் தம்மால் செய்ய இயலுமோ இயலாதோ, அதன் உன்னதத்தை உணர்ந்து சற்று நின்றுவிட்டே மேலே செல்கிறார்கள். ஆனால் அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால், எதன் பேரிலும் ஆணையிடலாகாது, உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லும் வாய்ச்சொல்லே போதும் என்று இயேசு விதித்திருக்கும் உபதேசத்தை அநேகமாக யாரும் நின்று பார்ப்பதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறும் கிறிஸ்தவர், அந்த உபதேசம் அச்சிடப்பட்டிருக்கும் புத்தகத்தின் மீதே கையை வைத்துப் பிரமாணம் செய்துவிட்டு, யாதொரு சங்கடமும் இல்லாமல் இறங்கி வருகிறார். இவ்விரண்டு உபதேசங்களும் ஒரே பிரசங்கத்தில், ஒரே வாயிலிருந்து, ஒரே அதிகாரத்துடன் வந்தவை என்று கொண்டு, இரண்டையும் ஒரே கண்டிப்புடன் அனுசரிக்கத் துணிந்தவர்கள், 16-ஆம் நூற்றாண்டில், மறுஞானஸ்நானக்காரர் என்று எதிரிகளால் பெயரிடப்பட்ட எளிய ஜனங்களே.

இவர்களில் ஒருவராகிய பெலிக்ஸ் மான்ஸ், சூரிச் நகரில் 1527 ஜனவரி 5-ஆம் தேதி லிம்மாத் நதியில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அது நடந்து இரண்டு மாதங்கூட ஆவதற்குள், பிப்ரவரி 24-ல், ஷ்லைட்ஹைம் என்ற கிராமத்தில் கூடிய அவருடைய சகோதரர்கள் ஏழு பிரிவுகளில் தங்கள் அறிக்கையை வகுத்துக்கொண்டார்கள். ஆறாவது, விசுவாசி பட்டயம் எடுக்கலாகாது என்பது. ஏழாவது, ஆணையிடலாகாது என்பது. அதை வகுப்பதில் முதன்மையாக நின்ற மைக்கேல் சாட்லர், முன்பு கருங்காட்டு மடம் ஒன்றில் துறவியாக இருந்தவர். அவ்வருஷம் மே மாதத்திலேயே ராட்டன்பர்க் நகரில் அவருடைய நாவை அறுத்து, காய்ச்சிய குறடுகளால் உடலைப் பிய்த்து, பின்பு எரித்தார்கள். சில நாட்களுக்குப்பின் அவருடைய மனைவியையும் நதியில் அமிழ்த்தினார்கள்.

இத்தனை குரூரத்தைச் செய்தவர்களைப் பிசாசுகள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது, அது நியாயமாகாது. அக்காலத்து ஜெர்மானிய, ஸ்விஸ் நகரங்கள் பலவற்றில், குடிகள் அனைவரும் ஆண்டுதோறும் ஒரு குறித்த நாளில் ஒன்றுகூடி, நகரத்துக்கும் அதன் சட்டத்துக்கும் விசுவாசமாயிருப்போம் என்று ஆணையிடுவது வழக்கம். மதிலைவிட அந்த ஆணையே நகரத்தைக் கட்டிக் காப்பதாக அவர்கள் நம்பினார்கள். துருக்கிய சேனை 1526-ல் ஹங்கேரியின் அரசனை மோஹாச் போர்க்களத்தில் வீழ்த்தி, 1529-ல் வியன்னாவின் வாசலுக்கே வந்து நின்ற காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவன் எழுந்து, நான் ஆணையும் இடமாட்டேன், துருக்கியர் வந்தாலும் ஆயுதம் தொடமாட்டேன் என்று சொன்னால், ஆட்சியாளர்களின் காதில் அது பக்தியாக விழவில்லை, துரோகமாகவே விழுந்தது. போதாக்குறைக்கு, 1534-ல் மறுஞானஸ்நானக்காரர்களில் ஒரு வெறிபிடித்த பிரிவினர் முன்ஸ்டர் நகரத்தைக் கைப்பற்றி, வாளைக்கொண்டே தேவராஜ்யத்தை ஸ்தாபிக்கப் பார்த்தார்கள். அவர்களுடைய பாவம், வாளைத் தொடாத சகோதரர்களின் தலையிலும் வெகுகாலம் விழுந்துகொண்டே இருந்தது.

இந்த உபதேசங்களை ஏற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு நாளில் ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். பிரீஸ்லாந்து தேசத்தில் 1524-ல் குருப்பட்டம் பெற்ற மென்னோ சைமன்ஸ், வேதாகமத்தைத் திறந்தால் தாம் வழிதவறிவிடக்கூடும் என்று பயந்து, குருவானவராய் இருந்துகொண்டே அதைத் திறவாமல் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பூசையில் எழுந்த ஒரு சந்தேகம் அவரை வேதாகமத்தைப் படிக்கவைத்தது. 1531-ல் லேவார்டன் நகரத்தில் ஒரு தையற்காரர் இரண்டாம் முறை ஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காகச் சிரச்சேதம் செய்யப்பட்ட செய்தி, அவரை மேலும் படிக்கவைத்தது. படித்தது புரிந்தபிறகும், பதவியும் ஊரார் மதிப்பும் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தன. 1536-ல்தான் அவற்றை உதறிவிட்டு வெளியே வந்தார். ஓர் உபதேசம் புத்தியைக் கடந்து வாழ்க்கைக்குள் இறங்க, மனப்பூர்வமாகத் தேடிய மனிதருக்கே இத்தனை வருஷங்கள் ஆயின என்பதை நாம் மறக்கலாகாது.

இனி ஹாலந்தின் ஆஸ்பெரன் என்ற சிற்றூருக்கு வருவோம். ஸ்பெயின் அரசன் இரண்டாம் பிலிப்பின் பிரதிநிதியாக ஆல்பா பிரபு நெதர்லாந்தைப் பயத்தால் ஆண்டுகொண்டிருந்த 1569-ஆம் வருஷம். அவ்வூரில் பிறந்த டிர்க் வில்லெம்ஸ், இளமையிலேயே ராட்டர்டாமில் ஒரு வீட்டில் ஞானஸ்நானம் பெற்று, பின்பு சொந்த ஊரில் தம் வீட்டிலேயே இரகசியக் கூட்டங்கள் நடத்தி, வேறு சிலர் அங்கே ஞானஸ்நானம் பெறவும் இடங்கொடுத்தவர். அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். துணிகளை முடிந்து கயிறாக்கிச் சுவரின் வழியே இறங்கி அவர் தப்பி ஓடினார். இதைக் குறித்துச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகலாம் என்பதும் அவர்கள் ஆண்டவரிடத்திலேயே கற்றதுதான். ஆகையால் டிர்க் சாவைத் தேடிய மனிதர் அல்லர். அவர் பிழைத்திருக்கவே விரும்பினார்.

கள்ளரைப் பிடிக்கும் சேவகன் ஒருவன் அவரைத் துரத்தினான். வழியில் ஒரு நீர்நிலை. அதன்மேல் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. பெரும் அபாயத்துடன் டிர்க் அக்கரை சேர்ந்துவிட்டார். பின்னால் வந்த சேவகனின் காலடியில் பனிக்கட்டி உடைந்து, அவன் உறைநீருக்குள் விழுந்தான். முன்னால் திறந்த வெளியும் உயிரும். பின்னால் முழுகிக்கொண்டிருக்கும் பகைவன். டிர்க் திரும்பிவந்து, கையை நீட்டி, அவனை இழுத்துக் கரையேற்றினார்.

அந்தச் சேவகன் கல்நெஞ்சன் அல்ல. தன்னைக் காப்பாற்றியவரைப் போகவிடவே அவன் மனம் விரும்பிற்று. ஆனால் அங்கு வந்து சேர்ந்திருந்த நகரத் தலைவர், நீ இட்ட ஆணையை நினைத்துக்கொள் என்று உரத்துக் கண்டித்தார். சேவகன் டிர்க்கைப் பிடித்தான்.

இச்சம்பவத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சத்துருவைச் சிநேகித்த அந்தக் கையைப் பற்றியே பேசுகிறார்கள், பேசவேண்டியதும்தான். ஆயினும் அந்த நகரத் தலைவரின் வாயிலிருந்து வந்த சொல்லை நான் படிக்குந்தோறும் திடுக்கிடுகிறேன். மலைப்பிரசங்கத்தின் அந்த இரண்டு உபதேசங்களும் அந்த நீர்க்கரையில் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆணையே இடாதவரால், யாரும் ஏவாமல், தம் மனச்சாட்சி சொன்னதைச் செய்ய முடிந்தது. ஆணையிட்டவனாலோ, நன்றி இன்னதென்று அறிந்தும், தன் மனச்சாட்சி சொன்னதைச் செய்ய முடியவில்லை. நாளைக்கு என்ன கேட்கப்படும் என்று அறியாமலே இன்றைக்குத் தன் சித்தத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிடுவது எத்தகைய அடிமைத்தனம் என்பதை, அந்த உபதேசத்துக்கு எழுதப்பட்ட எந்த வியாக்கியானத்தையும்விட அந்தச் சேவகனின் நிலைமை எனக்கு விளக்கிற்று. பைத்தியக்காரப் பிடிவாதம் என்று நகரங்கள் எண்ணிய ஒரு விதியில் இவ்வளவு கருணை ஒளிந்திருக்கும் என்று, அதை அனுசரித்த எளியவர்களே முழுவதும் அறிந்திருப்பார்களோ என்னவோ. அவர்கள் விளங்கியபிறகு கீழ்ப்படிந்தவர்கள் அல்லர், கீழ்ப்படிந்து விளங்கிக்கொண்டவர்கள்.

மே 16-ஆம் தேதி தீர்ப்பு எழுதப்பட்டது. மறுஞானஸ்நானம் பெற்றது, கூட்டங்கள் நடத்தியது, மற்றவர்களுக்கு இடங்கொடுத்தது ஆகியவை குற்றங்கள். எரித்துக் கொல்வதும் சொத்தை அரசனுக்குப் பறிமுதல் செய்வதும் தண்டனை. ஓர் உயிரைக் காப்பாற்றியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஊருக்கு வெளியே அவரைக் கட்டித் தீ மூட்டியபோது, பலத்த கீழ்க்காற்று ஜுவாலையை மேலெழவிடாமல் ஒதுக்கியதால், மரணம் வெகுநேரம் தாமதித்தது. அவர் தம் கர்த்தரை எழுபது தடவைக்கு மேல் கூவி அழைத்தது அடுத்த ஊராகிய லேர்டாமில் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். முடிவில் விசாரணை அதிகாரியே காணப் பொறாமல், சீக்கிரம் முடித்துவிடும்படி கொலையாளிக்கு உத்தரவிட்டாராம்.

காப்பாற்றியதால் என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. பிழைத்திருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருப்பார் என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கைப் போட டிர்க்குக்கு அவகாசம் இருக்கவில்லை. சேவகன் முழுகிக்கொண்டிருக்கும் நேரத்தில் மலைப்பிரசங்கத்தின் தாத்பரியத்தை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர எவராலும் இயலாது. முன்னமே ஏற்றுக்கொண்டிருந்தது எதுவோ, அதுவே அந்த நொடியில் கையாக நீண்டது. உபத்திரவம் ஒருவனுக்குப் புதிய விசுவாசத்தைத் தருவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிறது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

மென்னோவின் பெயரால் மென்னோனைட்டுகள் என்று அழைக்கப்பட்ட டச்சுச் சகோதரர்கள் பிற்காலத்தில் செல்வர்களானார்கள். தீலெமான் வான் பிராக்ட் 1660-ல் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்னும் பெருநூலைத் தொகுத்தபோது, வாளும் நெருப்பும் இருந்த காலத்தைவிட இந்தச் சுகமான காலமே ஆத்துமாவுக்கு அதிக ஆபத்தானது என்று தம் மக்களை எச்சரித்தார். டிர்க்கின் சரித்திரம் நமக்குக் கிடைத்திருப்பது அந்நூலினாலேயே. 1685-ஆம் வருஷப் பதிப்பில் யான் லூய்கன் செதுக்கிய சித்திரத்தால் அது உலகம் முழுவதும் பரவிற்று.

அட்லாண்டிக் கடலைக் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறிய மென்னோனைட்டுகளுக்கு 1740-களில் யுத்தபயம் வந்தது. அவர்களுடைய மூப்பர்கள் அதற்காகத் துப்பாக்கி சேகரிக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் சோதனை வருவதற்கு முன்னமே படித்துக்கொள்ளும்படி அந்தப் பெருநூல் ஜெர்மன் மொழியில் வேண்டுமென்று 1745-ல் ஹாலந்துச் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கிருந்து உதவி வரவில்லை. எப்ராட்டாவிலிருந்த ஒரு மடத்தார் அப்பணியை ஏற்று, 15 பேர் 3 வருஷம் மொழிபெயர்ப்பிலும் காகிதம் செய்வதிலும் அச்சிலும் உழைத்து, 1748-49-ல் 1,300 பிரதிகள் வெளியிட்டார்கள்.