செல்போன் ஆப் மருந்தாகுமா? ‘டிஜிட்டல் தெரபியூடிக்ஸ்’ என்றால் என்ன?

ராத்திரி 2 மணி. தூக்கம் வரவில்லை. போனைத் திறந்தால், நிம்மதியான தூக்கத்துக்கு வழி சொல்லும் ஆப்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்றை டவுன்லோட் செய்துகொண்டு தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா? அவசரப்படாதீங்க. எல்லா ஆப்பும் ஒன்றல்ல.

ஹெல்த் ஆப் என்ன செய்யும்?

எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை அடி நடந்தீர்கள் என்று கணக்குச் சொல்லும். அது தகவல்தான், சிகிச்சை அல்ல.

டிஜிட்டல் தெரபியூடிக்ஸ்?

இதில் சாஃப்ட்வேரே சிகிச்சை. உதாரணமாக, தூக்கமின்மைக்கு ‘சிபிடி-ஐ’ என்ற உளவியல் சிகிச்சை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது போன்ற பயிற்சிகளை ஆப் வாரக்கணக்கில் படிப்படியாகத் தரும். நோயாளிகளிடம் சோதித்துப் பலனைக் காட்ட வேண்டும் என்பதுதான் முக்கிய வித்தியாசம்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., போதைப் பழக்க சிகிச்சைக்கான ‘ரீசெட்’ ஆப்பை 2017-ல் அனுமதித்தது. 2020-ல் ஏடிஹெச்டி உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான வீடியோ கேம் ஒன்றுக்கும் அனுமதி கிடைத்தது. ஜெர்மனியில் பட்டியலிடப்பட்ட ஆப்களை டாக்டர் எழுதிக்கொடுத்தால், அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடே செலவை ஏற்கிறது.

மாத்திரைக்குப் பதிலாகுமா?

மாத்திரை உடலின் வேதியியலில் வேலை செய்கிறது. தூக்க மாத்திரை அன்றிரவே பலன் தரலாம். ஆனால் சில வகைகள் பழக்கமாகிவிடும். ஆப் மாற்றுவது நம் பழக்கத்தை. பலன் தெரிய நாளாகும். பாதியில் விட்டால் பலன் குறையும்.

சில மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். இன்சுலின் தேவைப்படுபவருக்கு எந்த ஆப்பும் இன்சுலின் ஆகாது.

இந்தியாவில் என்ன நிலை?

நோயைக் கண்டறியவோ சிகிச்சை தரவோ உருவாக்கப்பட்ட சாஃப்ட்வேரும் 2020 ஏப்ரல் 1 முதல் ‘மருத்துவ சாதனம்’ என்ற வரையறைக்குள் வருகிறது.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த நோய்க்கான ஆப்? யாரிடம் சோதித்தார்கள்? எந்த அமைப்பு அனுமதித்தது? பிளே ஸ்டோரில் 5 ஸ்டார் இருப்பது இவற்றுக்குப் பதில் ஆகாது.