திட்ட மேலாளர்களின் கழகம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வள்ளுவப் பெருந்தகை 'வினைசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பொருள், கருவி, காலம், இடம் எல்லாம் ஆராய்ந்தே செயலில் இறங்க வேண்டும் என்றார். அச்செயல்வகையே இன்று 'திட்ட மேலாண்மை' என்னும் தனித் தொழிலாக வளர்ந்து, தனக்கென ஓர் உலகக் கழகத்தையும் பெற்றிருக்கிறது. அது பிறந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

திட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உடைய பணி. நம் கோமுகி அணையைக் கட்டியது திட்டம். அதிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது அன்றாட நிர்வாகம்.

ஒரு வீடு கட்டுகிறோம் என்று கொள்வோம். சுவர் எழுப்ப 20 நாள். தளம் போட்டு முடிக்க 25 நாள். இதற்கிடையே தச்சர் 12 நாளில் கதவுகளைச் செய்துவிடுவார். தச்சர் ஒரு வாரம் தாமதித்தாலும் கேடில்லை. கொத்தனார் ஒரு நாள் தாமதித்தால் கிரகப்பிரவேசமே ஒரு நாள் தள்ளிப்போகும். இவ்வாறு தாமதம் பொறுக்காத வேலைகளின் வரிசையைக் கணக்கிட்டுக் காட்டுவதே 'கிரிட்டிக்கல் பாத்' முறை. 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தின் பணிக்காக வாக்கர், கெல்லி ஆகிய இருவர் இதை உருவாக்கினர். மறு ஆண்டே அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' முறையை வகுத்தது.

முறைகள் பிறந்தன, ஆனால் அவற்றைக் கையாண்டவர்கள் ஆளுக்கொரு நிறுவனத்தில் சிதறிக் கிடந்தனர். ஐரோப்பியர் 1967-இல் வியன்னாவில் மாநாடு கூட்டினர். 1969 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில், 'புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட்' உதயமாயிற்று. ஜேம்ஸ் ஸ்னைடர், கார்டன் டேவிஸ், எரிக் ஜெனட், நெட் எங்மன், சூசன் கல்லகர் என்ற ஐவரே அதன் நிறுவனர்கள். 1984-இல் அது தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 1996-இல் இத்தொழிலின் அறிவைத் தொகுத்து வழிகாட்டி நூலாக வெளியிட்டது. இந்தியாவில் 1993-இல் 'புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் அசோசியேட்ஸ்' என்ற அமைப்பு தோன்றியது.

கழகம் இல்லாவிட்டால் வேலை நடக்காதா என்று கேட்கலாம். நடக்கும். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சீரமைத்துக் காட்டினார். அப்போது இக்கழகமே பிறக்கவில்லை! ஆயினும் ஒருவரின் திறமை அவரோடு நின்றுவிடும். அதை எழுதி வைத்தால்தான் மற்றவருக்கும் பயன்படும். எங்கள் களமருதூர்ப் பக்கத்து மேஸ்திரிகளுக்கும் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது அத்துபடி. ஆனால் அந்த வித்தை அப்பனிடமிருந்து மகனுக்கே போகிறது, ஏட்டில் ஏறுவதில்லை. என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லை. நூலும் தேர்வும்தான் துணை.

குறையும் இல்லாமல் இல்லை. தேர்வுக் கட்டணமே சில நூறு டாலர். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டுக்கு அது எட்டாக்கனி. கழகம் திறந்துவிட்ட கதவு நம்மவர்க்கும் அகலத் திறக்க வேண்டும். அதுவரை கணிதத் துறை மாணவர்களாகிய நாம் 'கிரிட்டிக்கல் பாத்' கணக்கைப் பாடத்தோடு நிறுத்தாமல், கல்லூரி விழா ஏற்பாட்டிலேனும் போட்டுப் பார்க்கலாமே!