டிராம் போய்விட்டது, பில் வருகிறது

பம்பாய் மாட்டுங்காவில் கரண்ட் பில் 'பெஸ்ட்' பெயரில் வரும். தாராவியிலும் அப்படியே. செம்பூருக்குப் போய்விட்டால் அதானி, டாடா. சிவப்பு பஸ் விடுகிற நிறுவனத்துக்குக் கரண்ட் வியாபாரம் எதற்கு? காரணம் டிராம்.

பம்பாயில் 1874 முதல் டிராமைக் குதிரைகள் இழுத்தன. 1905-ல் பம்பாய் எலக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராம்வேஸ் கம்பெனி (இன்றைய 'பெஸ்ட்') உருவாகி, அதே ஆண்டு வாடி பந்தரில் நீராவி மின்நிலையம் வைத்தது. 1907 மே 7 மாலை, மாநகராட்சி அலுவலகத்திலிருந்து கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு முதல் மின்சார டிராம் ஓடியது. வீட்டு விளக்குகள் இருட்டினால்தான் எரியும். பகலெல்லாம் ஜெனரேட்டர் சும்மா கிடக்காமல் பார்த்துக்கொண்டது டிராம். இரண்டு தொழிலும் ஒரே கம்பெனியிடம் இருந்தது சரியான கணக்கு.

அந்தக் காலத்து டிராமுக்கு வேண்டியது சுமார் 500 வோல்ட் டி.சி. தலைக்கு மேலே ஒற்றைச் செம்புக் கம்பி. வண்டிக் கூரையிலிருந்து எழும் நீண்ட கழியின் நுனியில் சின்ன உருளை. ஸ்பிரிங் அதைக் கம்பியோடு அழுத்திப் பிடிக்கும். கரண்ட் அதன் வழியே இறங்கி, டிரைவர் கைப்பிடியைத் திருப்புகிற அளவுக்கு மோட்டாருக்குப் போய், சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் சேர்ந்து மின்நிலையம் திரும்பும். கழி நழுவினால் பொறி பறக்கும், உள்ளே விளக்கு அணையும். கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்து, உருளையை மறுபடி கம்பியில் மாட்டவேண்டும்.

தொல்லை கீழேயும் உண்டு. தண்டவாள இணைப்புகள் சரியாக இல்லாவிட்டால் கரண்ட் மண்ணில் கசிந்து, பக்கத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஏறிவிடும். அது வெளியேறுகிற இடத்தில் குழாய் அரித்துப்போகும். அதனால்தான் பிரிட்டனில் தண்டவாளத்தின் மின்னழுத்த வேறுபாடு 7 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று விதியே போட்டார்கள்.

கம்பி தெருவின் அழகைக் கெடுக்கிறது என்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் அதைத் தரைக்கடியில் ஒரு பள்ளத்தில் ஓட்டினார்கள். சென்னையும் 1895 மே 7-ல், பம்பாய்க்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, அப்படித்தான் ஆரம்பித்தது. மழை வெள்ளம் பள்ளத்தில் புகுந்ததும் கம்பியை மேலே ஏற்றவேண்டியதாயிற்று. நம் மழையை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அதைவிடப் பெரிய மழை பெய்கிற பம்பாய், நல்லவேளை, கம்பியை மேலேயே கட்டியது.

1947 ஆகஸ்ட் 7-ல் கம்பெனி மாநகராட்சி வசமானது. 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி டிராம் போனது. பஸ்ஸும் கரண்டும் மிஞ்சின. பஸ் நஷ்டத்தைப் பல ஆண்டுகள் கரண்ட் வருமானம்தான் தாங்கியது; போக்குவரத்து நஷ்டத்துக்கென்று சில ஆண்டுகள் மின் பில்லிலேயே தனிக் கட்டணம் சேர்த்து வாங்கினார்கள். பஸ் ஏறாதவர்களும் அதைக் கட்டினார்கள்.