கால்வாயின் மறுமுனையில் மீன்கள்

தங்கமீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரை நேரே தொட்டியில் ஊற்ற மாட்டார்கள். முதல் நாளே வாளியில் பிடித்து வைப்பார்கள். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் கட்டிகளைப் போட்டுக் கலக்குவார்கள். நாம் குடிக்கும் தண்ணீரில் உள்ள சிறு அளவு குளோரினே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கிறது. குளத்தைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தால், கைக்கெட்டும் வழியாகத் தெரிவது வாசலில் ஓடும் லோங்காங் எனப்படும் திறந்த கால்வாய்தான்.

அந்த லோங்காங் எங்கே போகிறது?

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் உள்ள காப்பாரில் இதற்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டாம். தாழ்வான கரையோரச் சமவெளி அது. குடியிருப்புத் தாமான்களின் கால்வாய்கள் பெரிய வடிகால்களில் சேர்ந்து, சுங்கை காப்பார் புசார், சுங்கை காப்பார் கெச்சில் போன்ற சிற்றாறுகள் வழியாக மலாக்கா நீரிணையை அடைகின்றன. ஆற்று முகத்தில் சதுப்புநிலக் காடும் சேற்றுவெளியும் இருக்கின்றன. இறால் குஞ்சும் நண்டும் சிப்பியும் வளர்வது அங்கேதான். வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் அந்தச் சேற்றில் இரை தேடுகின்றன; கடல் ஏறும் நேரத்தில் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளில் ஒதுங்குகின்றன.

மலேசிய நகரங்களில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனி வழிகள் உண்டு. கழிப்பறை நீர் குழாய் வழியே இண்டா வாட்டர் போன்ற நிறுவனங்களின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். திறந்த கால்வாயில் ஓடும் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றில் கலக்கும். ஆகவே லோங்காங்கில் விடுவது ஆற்றில் விடுவதேதான்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட வீட்டுக் குளத்தில் 48,000 லிட்டர் நீர் பிடிக்கும். நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறுகிய நேரத்துக்கு அனுமதிக்கும் குளோரின் அளவு லிட்டருக்கு 19 மைக்ரோகிராம். குளத்து நீரில் 2 மில்லிகிராம் இருந்தால் அது நூறு மடங்குக்கு மேல். நீரைக் கலந்தே அந்த அளவுக்குக் குறைக்க ஏறக்குறைய 50 லட்சம் லிட்டர் வேண்டும். சேறும் இலைதழைகளும் வழியில் குளோரினைப் பெருமளவு தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் மழையில்லாத நாளில், கணுக்கால் அளவு நீர் ஓடும் கால்வாயில் இருக்கும் சிறு மீன்களுக்கு அதுவரை காத்திருக்க நேரம் இருக்காது.

சட்டமும் இதைப் பேசாமல் விடவில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. 2024இல் திருத்தப்பட்டபோது அதன் அபராத உச்சவரம்பு ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. தொழிற்சாலைக் கழிவுநீருக்கான 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், மற்ற இடங்களில் 2 மில்லிகிராம் என்று குளோரினுக்கு எல்லை வகுத்துள்ளன. அவை வீட்டுக் குளங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் ஆலை விடக் கூடாத அளவு குளோரின் நம் குளத்து நீரில் சாதாரணமாக இருக்கலாம் என்பது கவனிக்கத்தக்கது.

நல்ல செய்தி என்னவென்றால், குளோரினைப் போக்குவது கடினமல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்கில் யாரும் திட்டமிடாமலே அது நடந்தது. ஊழியர் ஒருவர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்ற, அது குளோரினைச் செயலிழக்கச் செய்தது. பாசி பிடித்து டைவிங் குளம் பச்சையானது. ஒப்பந்ததாரர்கள் இதே வேலையைத் திட்டமிட்டுச் செய்யச் சோடியம் தயோசல்ஃபேட்டைப் பயன்படுத்துகிறார்கள். மீன் கடையின் ஆன்டி-குளோரினிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் வேலை செய்யும்: ஒரு பங்கு குளோரினுக்கு சுமார் இரண்டரைப் பங்கு வேண்டும். மேலே சொன்ன குளத்தில் உள்ள 96 கிராம் குளோரினுக்குக் கால் கிலோ போதும்.

மருந்தே வாங்காமல் வெயிலை நம்பியும் இருக்கலாம். குளோரின் போடுவதை நிறுத்தி, பம்பை மட்டும் ஓடவிட்டால் சில நாட்களில் அளவு இறங்கும். ஆனால் பல வீடுகளில் போடும் குளோரின் மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காப்பதே அதன் வேலை என்பதால் அங்கே காத்திருப்பு நீளும். எத்தனை நாள் ஆனது என்பதைவிட, சோதனைப் பட்டையில் குளோரின் பூஜ்ஜியம் காட்டுகிறதா, பிஎச் ஏழை ஒட்டி இருக்கிறதா என்பதே முக்கியம். பாசி கொல்ல செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால் அந்த நீரைக் கால்வாயில் விடவே கூடாது. குளோரினைப் போலச் செம்பு மறைந்துவிடாது.

காத்திருக்கும் நாட்களில் கொசுவையும் நினைக்க வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், வீட்டில் கொசுப்புழு வளரவிடுவது குற்றம். குளோரின் இறங்கிய நீரைத் தேங்கவிடாமல் பம்பைச் சுழலவிடுவதற்கு இதுவும் காரணம்.

காப்பார் போன்ற இடத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்யாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் மண்ணில் குளம் வெறுமையானால், கீழிருந்து தள்ளும் நீர் கான்கிரீட் தொட்டியையே தூக்கி விரிசல் விடச் செய்யலாம். கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று தவணையாக மாற்றுவது குளத்துக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது.

குளோரின் நீங்கிய நீரைப் புல்லுக்கும் மரங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சலாம். உப்புக் குளத்து நீர் மட்டும் இதற்கு ஆகாது. அதில் லிட்டருக்கு 3 கிராம் அளவில் உப்பு இருக்கும். செப்டிக் டாங்க் உள்ள பழைய வீடுகளில் குளத்து நீரை அதில் இறக்கவே கூடாது. தொட்டி நிரம்பி வழியும். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் சாகும். வடிகட்டியைக் கழுவிய கலங்கல் நீரையும் கால்வாயில் விடாமல் புல்தரையில் ஊறவிடுவது நல்லது.



கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய குளங்கள் வீடுகளைவிட கொண்டோக்களில்தான் அதிகம். அங்கே முடிவெடுப்பது வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் குழு. குளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும்: நீரை வெளியேற்றுமுன் குளோரின் அளவை எழுதிக் கையெழுத்திட வேண்டும், பூஜ்ஜியம் காட்டாமல் குழாயைத் திறக்கக் கூடாது, எந்த வழியில் விடலாம் என்பதை உள்ளூர் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு உரிமையாளர் இதை முன்மொழிந்தாலே அந்த வரிகள் ஒப்பந்தத்தில் ஏற வழி பிறக்கும்.